பச்சோந்தியும் காமிராவும்

சொல்லில் உறுதியற்ற மனிதனைப் பச்சோந்தி என்று ஏசுவது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. 'கிர்கிட்டைப் போல் நிறம் மாற்றுகிறான்' என்று ஹிந்தியிலும் கூறுவர். நாடெங்கும் ஏச்சுச் சொல்லாக உலவும் இப்பிராணியை நேரில் கண்டு, இதுவே பச்சோந்தி என்று அறுதியிட்டுக் கூறக்கூடியவர்களோ மிகச் சிலரே. பிள்ளைகளிடம் பச்சோந்தியின் படத்தை வரையச் சொன்னால், வேலியின்மேல் அமர்ந்து தலையை ஆட்டும் ஓணானைப் பலர் வரைந்துவிடுகின்றனர். பத்திரிகைகளிலும் இத்தவறு நேர்வதுண்டு.

தவறுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஓணானும் நிறம் மாறக்கூடியதே. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச் சிவந்துவிடும். அதன் விஞ்ஞானப் பெயரான 'கலோட்டஸ் வெர்சிகலர்' என்பதன் பிற்பகுதிக்குப் 'பல நிறமுடையது' என்பதே பொருள். 'கிர்கிட்' என்ற ஹிந்திச் சொல்லும் இரண்டு பிராணிகளையும் குறிக்கும். தமிழ் இவ்விஷயத்தில் சற்று நுட்பமாக நடந்துகொண்டிருக்கிறது. 'பச்சை', 'ஓந்தி' என்னும் இரு சொற்களை இணைத்து, ஓந்தியாகிய ஓணானினின்றும் இதனைப் பிரித்துக் காட்டுகிறது. கிரேக்கர் இட்ட பெயருக்குத் 'தரைச் சிங்கம்' என்று பொருள் கூறுவர். வாழ்நாளில் பெரும்பகுதியை மரத்திலும் புதரிலும் கழிக்கும் பிராணிக்கு இப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு பிராணியைப் பாதுகாக்க வேண்டுமானால், அது எது என்பது முதலில் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் புகைப்படத்தைவிட எளிய கருவி வேறு இல்லை. ஆயினும் பச்சோந்தியைப் பொறுத்தவரை இக்கருவியால் நன்மை விளைவதுபோலவே தீமையும் விளைகிறது. படத்துக்காகப் பச்சோந்தியைப் பிடித்து, அழகிய கிளை ஒன்றுக்கு இடம் மாற்றி, வெருட்டி வாயைத் திறக்கச் செய்து, பின்னர் 'இயற்கையின் வனப்பு' என்று தலைப்பிட்டு வெளியிடுவோர் உள்ளனர். எத்தகைய படம் இப்பிராணிக்கு உதவும், எத்தகையது கேடு செய்யும் என்று களப் பணியாளரும் ஆசிரியரும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இதற்குரிய சான்றைப் பச்சோந்தியே தன் தோலில் காட்டிவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள விசேஷம்.

இந்தியாவில் ஒரே இனம்

உலகில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காக் கண்டத்தைச் சேர்ந்தவை. இந்தியாவில் காணப்படுவது ஒரே ஓர் இனம். 1768-ஆம் ஆண்டில் லாரென்டி என்னும் அறிஞர் இதற்குக் 'கமீலியோ சைலானிக்கஸ்' என்று பெயரிட்டார். இலங்கையை நினைவூட்டும் பெயரைத் தாங்கியிருப்பினும், தென்னிந்தியா, தக்காணம், ஒரிஸ்ஸா, குஜராத், ராஜஸ்தான் முதலிய பகுதிகளிலும், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் இது வாழ்கிறது. அடர்ந்த மழைக்காடுகளை இது நாடுவதில்லை. முட்புதர்க் காடு, இலையுதிர் காடு, தோப்பு, வயலோர வேலி ஆகியவையே இதன் உறைவிடங்கள்.

வாலோடு சேர்த்து அளந்தால் நன்கு வளர்ந்த பச்சோந்தி ஓர் அடிக்குச் சற்று மேற்படும். தலையின்மேல் தலைச்சீராவைப் போன்ற எலும்பு மேடு ஒன்று உண்டு. முதுகிலும் தொண்டையிலும் சிறு ரம்பப் பற்களைப் போன்ற வரிசை காணப்படும். உடல் இருபுறமும் அழுத்தப்பட்டு ஓர் இலையைப் போலத் தட்டையாக இருக்கும். கால்விரல்கள் ஐந்தும் இரு கற்றைகளாக இணைந்து ஓர் இடுக்கியைப் போல் அமைந்துள்ளன. முன்காலில் உட்புறம் மூன்று விரல்களும் வெளிப்புறம் இரண்டும். பின்காலில் இது நேர்மாறாக இருக்கும். வால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் ஐந்தாம் கை எனலாம். பல்லியின் வாலைப்போல் இது ஒடிந்து விழுவதும் இல்லை, மறுபடி முளைப்பதும் இல்லை. விரல்களையும் வாலையும் கவனித்தாலே போதும். ஓணானோடு குழம்ப இடமே இராது. ஆகையால், அடையாளம் காட்டுவதற்காக எடுக்கப்படும் படத்தில் கால் ஒன்றும் வாலும் தெளிவாகத் தெரிவது, முகம் மட்டும் பெரிதாகத் தெரிவதைக் காட்டிலும் பயனுள்ளது.

கண்கள் தனியே குறிப்பிடத்தக்கவை. இமைகள் ஒன்றாக இணைந்து கூம்புபோல் எழுந்து, நடுவில் பாவையின் அளவுக்கு ஒரு துளை மட்டும் விட்டிருக்கின்றன. ஒரு கண் மேலே நோக்க மற்றொன்று பின்னே நோக்கும். இரை தென்பட்டதும் இரு கண்களும் முன்னோக்கித் திரும்பித் தூரத்தைக் கணிக்கின்றன. அடுத்த கணம் நாக்கு பாய்கிறது. உடலின் நீளத்தையும் மிஞ்சக்கூடிய அந்நாக்கு, ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இரையை எட்டிவிடுகிறது. நாக்கின் எலும்பைச் சுற்றியுள்ள தசை, உள்ளிருக்கும் நார் உறைகளை முன்கூட்டியே அழுத்தி வைத்து, வில்லின் நாணைப்போல் திடீரென்று விடுவிப்பதே இவ்வேகத்தின் இரகசியம். நாக்கு நுனியிலுள்ள எச்சில் மனித எச்சிலைவிட ஏறத்தாழ 400 மடங்கு பிசுபிசுப்புடையது என்று 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறியது. ரோமாபுரியின் பிளினி, பச்சோந்தி உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றையே உணவாகக் கொண்டு வாழ்கிறது என்று எழுதிவைத்தார். மணிக்கணக்காக அசையாது அமர்ந்திருந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உணவை முடித்துவிடும் பிராணியைப் பற்றி இவ்வாறு நினைத்ததில் வியப்பில்லை. பச்சோந்தி நீரும் அருந்தும். இலைகளில் தங்கும் பனித்துளியும் மழைத்துளியும் அதற்குப் போதும்.

நிறம் சொல்லும் செய்தி

பச்சோந்தி தான் இருக்கும் இடத்தின் நிறத்துக்கு ஏற்பத் தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது என்பது பெரும்பாலான பள்ளிகளில் இன்றும் சொல்லித்தரப்படும் பாடம். இது முழு உண்மையன்று. பச்சை இலைகளுக்கிடையே பச்சை உடல் மறைந்துகொள்வது உண்மையே. ஆனால் சிவப்புத் துணியின்மேல் வைத்தால் பச்சோந்தி சிவப்பாவதில்லை. தென்னாப்பிரிக்காவின் குறும் பச்சோந்திகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், நிறம் மாற்றும் ஆற்றல் வளர்ந்ததற்குக் காரணம் மறைந்துகொள்வதன்று, தன்னினத்தோடு செய்தி பரிமாறிக்கொள்வதே என்று 2008-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். போட்டியிடும் ஆணுக்கு எச்சரிக்கை, பெண்ணுக்கு அழைப்பு, விருப்பமில்லாத பெண்ணின் மறுப்பு ஆகிய யாவும் நிறங்களாலேயே தெரிவிக்கப்படுகின்றன. வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. குளிர்ந்த காலையில் வெயிலை உட்கொள்ளும்பொருட்டு உடல் கறுக்கும். உச்சி வெயிலில் வெளிறும்.

நிறம் எவ்வாறு மாறுகிறது என்பதும் அண்மைக் காலத்திலேயே தெளிவாயிற்று. ஜெனீவாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தோலின் சில செல்களுக்குள் குவானின் என்னும் பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தோலில் உள்ள மஞ்சள் நிறப்பொருளோடு இது கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றுகிறது. பிராணி கிளர்ச்சியுற்றதும் படிகங்கள் விலகி நிற்கின்றன. அப்போது மஞ்சளும் சிவப்பும் மேலோங்குகின்றன. கறுப்புத் திட்டுகளுக்குக் காரணம் மெலனின் தாங்கிய வேறு செல்கள். நம் நாட்டுப் பச்சோந்தி மடகாஸ்கர் இனத்தைப் போல் பகட்டான நிறங்களைக் காட்டுவதில்லை. எனினும், அமைதியாக இருக்கும்போது மெல்லிய பட்டைகளோடு கூடிய பச்சையாகவும், அச்சமுறும்போது கரும்புள்ளிகளும் மஞ்சள் பட்டைகளும் எடுப்பாகத் தெரியும்படியாகவும் அது மாறுவதைக் களத்தில் எவரும் காணலாம்.

காமிராவோடு வருபவர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. பச்சைப் புள்ளிகளும் கரும்பட்டைகளும் பளிச்சிட, வாய் பிளந்து, தொண்டை பருத்துத் தோன்றும் படம் காண்போரை உடனே கவரும். ஆனால் அப்படம் காட்டுவது அஞ்சி நடுங்கும் ஒரு பிராணியையே. பக்கத்தில் மற்றொரு பச்சோந்தியோ, பாம்போ, பருந்தோ இல்லாதபோது அது அஞ்சியது எதற்கு? பெரும்பாலும் காமிராவின் பின்னால் நின்றவருக்குத்தான். அனுபவமுள்ள களப் பணியாளர் ஒருவர் படத்தைக் கண்ட மாத்திரத்தில் அது எடுக்கப்பட்ட விதத்தைச் சொல்லிவிடலாம். கூண்டுக் கம்பி படத்தில் தெரியாமற் போகலாம். கிளையைத் தூக்கிப்பிடித்த கை விளிம்புக்கு வெளியே மறைந்திருக்கலாம். தோலின் நிறம் மட்டும் மறைவதில்லை.

படங்கள் செய்த நன்மை

இதனால் படம் எடுப்பதே தவறு என்று ஆகிவிடாது. காமிராவால் விலங்குகளுக்கு விளைந்த நன்மைக்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. வன அதிகாரியாகப் பணிபுரிந்த எப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் இழுகம்பி கட்டி, இரவில் புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளுமாறு செய்தார். அவருடைய நூல் 1927-இல் வெளிவந்தது. துப்பாக்கியே பெருமை என்றிருந்த காலத்தில் காமிராவை ஏந்திய அதிகாரி அவர். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஈ. பி. ஜீ 1953-ஆம் ஆண்டில் சங்கோஷ் ஆற்றுப் பக்கத்தில் பொன்னிற மந்தியைப் படம் பிடித்தார். அதன்பின் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த கஜூரியா 1956-இல் அம்மந்தியை விஞ்ஞான முறைப்படி விவரித்து, ஜீயின் பெயரையே அதற்குச் சூட்டினார். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996) தம் படங்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். வண்ணம் இல்லாமலும் விலங்கின் நிலையும் அது வாழும் இடமும் தெளிவாக விளங்கும் என்பதற்கு அவை சான்று. பச்சோந்தியைப் படமெடுக்க வருவோர் நிறத்தைச் சற்றே மறந்து, கிளையைப் பற்றிய காலையும் சுருண்ட வாலையும் கவனிக்க அப்படங்களைப் பார்ப்பது நன்று.

பச்சோந்தியைப் பொறுத்தவரை மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மடகாஸ்கரிலிருந்து வருகிறது. வோல்ட்ஸ்கோவ் பச்சோந்தி என்னும் இனம் 1913-ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. 2018-இல் ஜெர்மானிய, மடகாஸ்கர் விஞ்ஞானிகள் அடங்கிய குழு ஒன்று தீவின் வடமேற்கில் அதை மீண்டும் கண்டுபிடித்தது. 2020-இல் விவரங்கள் வெளியாயின. அவ்வினத்தின் பெண் எவ்வளவு வண்ணமயமானது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. கருவுற்றிருக்கும்போதும், ஆணைக் காணும்போதும், வெருண்டபோதும் அதன் உடல் அற்புதமான நிறங்களைக் காட்டுகிறது. காட்சிச்சாலைக் குடுவைகளில் சாராயத்தில் ஊறும் உடல்களில் இந்நிறங்கள் தங்குவதில்லை. உயிரோடு எடுத்த படமே ஒரே சான்று. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு விரல் நீளமே உள்ள சாப்மன் குட்டைப் பச்சோந்தியின் கதையும் இத்தகையதே. 1992-இல் முதன்முதல் விவரிக்கப்பட்ட அது அழிந்திருக்கும் என்று அஞ்சப்பட்டது. 2016-இல் எஞ்சிய காட்டுத் துண்டுகளில் அது உயிரோடு காணப்பட்டது. அது வாழ்ந்த மலைக்காடு 1984-க்கும் 2019-க்கும் இடையே ஐந்தில் நான்கு பங்கு அழிந்துவிட்டதாகக் கணக்கிடப்பட்டது. பிராணியின் படமும் காட்டின் வான்படமும் பக்கத்தில் பக்கமாக வைக்கப்பட்டபோது விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

மறுபுறமும் உண்டு. சிறுத்தைப் பச்சோந்தி போன்ற அழகிய இனங்களை வீட்டில் வளர்க்கும் ஆசை அயல்நாடுகளில் பரவியதால், மடகாஸ்கரிலிருந்து பச்சோந்திகள் பெருமளவில் ஏற்றுமதியாயின. இறுதியில் 1995-ஆம் ஆண்டில் நான்கு இனங்களைத் தவிர ஏனைய பச்சோந்திகளின் வணிகம் சர்வதேச உடன்பாட்டின் கீழ் நிறுத்திவைக்கப்பட்டது. நம் நாட்டுப் பச்சோந்தியும் அவ்வுடன்பாட்டின் இரண்டாம் இணைப்பில் இடம்பெற்றுள்ளது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அது உடனடி அழிவுக்கு உள்ளான இனமாகக் குறிக்கப்படவில்லை. இது மன ஆறுதல் தரலாம்; அசட்டைக்கு இடம் தரலாகாது.

எதனால் இறக்கின்றன

பச்சோந்திக்கு நச்சுப் பல்லும் இல்லை, நச்சுச் சுரப்பியும் இல்லை. எனினும் அதன் மூச்சுப் பட்டால் தீங்கு, அது கடித்தால் மரணம் என்ற நம்பிக்கைகள் பல இடங்களில் உள்ளன. கண்ட இடத்தில் கல்லால் அடிப்பவர் அச்சத்தால் அடிக்கிறாரேயன்றிக் கொடுமையால் அன்று. மந்திர மாயங்களுக்காகவும் வித்தை காட்டவும் பிடிப்பவர்கள் வேறு. இவற்றைவிட ஓசையில்லாமல் நடக்கும் கேடு உயிர்வேலிகள் மறைவது. கிளுவையும் கள்ளியும் காரையும் நெருங்கி வளர்ந்த வேலி பச்சோந்திக்கு ஒரு நெடுஞ்சாலை. அதன் இடத்தில் கல்தூணும் முள்கம்பியும் வந்தபின், குதிக்கவும் ஓடவும் தெரியாத இப்பிராணி ஒரு புதரிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் தரையில் இறங்கியே ஆகவேண்டும்.

தரையில் அதன் நடை மிக மெதுவானது. ஓர் அடி எடுத்து வைக்குமுன் முன்னும் பின்னும் அசைந்தாடும். காற்றில் ஆடும் இலைபோல் தோன்றச் செய்யும் இவ்வழக்கம் கிளையில் உயிரைக் காக்கும். தார்ச் சாலையில் உயிரைப் போக்கும். இவ்வாறு சாலையில் இறங்குபவற்றுள் முட்டையிடத் தகுந்த மண்ணைத் தேடிவரும் பெண் பச்சோந்திகளும் உண்டு. ஒரு சக்கரத்தின் கீழ் ஒரு பிராணியோடு ஒரு முழு ஈற்றும் அழிந்துவிடுகிறது.

களத்தில் கவனிக்க வேண்டியவை

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு (பாதுகாப்பு)ச் சட்டம் பச்சோந்திக்குப் பாதுகாப்பளிக்கிறது. அச்சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்லுதல் மட்டும் பொருளன்று. பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல், இரை காட்டி வரவழைத்தல் ஆகியவையும், அவற்றுக்கான முயற்சியும் அதில் அடங்கும். நாக்கு பாயும் காட்சிக்காக வெட்டுக்கிளியை நூலில் கட்டித் தொங்கவிடுபவர் இதை அறிந்திருப்பதில்லை. சரணாலயத்துள் படம் எடுக்க அனுமதி பெற வேண்டும் என்பது பழைய விதி. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படம் எடுப்பதையும் அதனோடு சேர்த்து, வாழிடத்தில் மாறுதலோ வனவிலங்குக்குக் கேடோ செய்யாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. பார்வையாளரிடம் வாதாடுவதைவிட இவ்விரு செய்திகளையும் அமைதியாக எடுத்துரைப்பது வனக்காவலருக்கு எளிது.

படம் எடுப்பவருக்கு வேண்டிய முதல் குணம் பொறுமை. மனிதன் நெருங்குவதைக் கண்ட பச்சோந்தி ஓடாது. கிளையின் மறுபக்கத்துக்கு மெல்ல நகர்ந்து, உடலை இன்னும் ஒடுக்கிக்கொண்டு, கிளையைத் தனக்கும் மனிதனுக்கும் இடையே வைத்துக்கொள்ளும். சுற்றிச் சென்றால் அதுவும் சுற்றும். இவ்விளையாட்டில் மனிதன் வெல்வதில்லை. நின்ற இடத்திலேயே அசையாதிருந்தால் சிறிது நேரத்தில் அது முன்போல் திரும்பிவரும். தூரத்திலிருந்து எடுக்கும் லென்ஸ் உள்ளவர் அதைப் பயன்படுத்துக. கைபேசி மட்டும் உடையவர் நெருங்கிச் செல்வதற்குப் பதிலாகப் பச்சோந்தி, கிளை, புதர் யாவும் சேர்ந்து தெரியும்படி எடுத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல படமே, சொல்லப்போனால் அதுவே வகுப்பறைக்கு அதிகம் உதவும் படம். பச்சோந்தி அசைந்தாடும் வழக்கமுடையதாகையால், ஆட்டம் நிற்கும் கணத்துக்குக் காத்திருந்து ஷட்டரை அழுத்த வேண்டும். கண் கூம்பின் நடுவிலுள்ள துளை கூர்மையாக இருந்தால் படம் முழுவதும் உயிர்பெறும். உடல் தட்டையாகி, புள்ளிகள் கறுத்து, தொண்டை பருக்கத் தொடங்கினால் அன்றைய வேலை முடிந்தது என்று எண்ணிப் பின்வாங்குவதே முறை. மறைக்கும் இலைகளைக் கிள்ளி எறிவதும் கிளைகளை வளைத்துக் கட்டுவதும் கூடாது. அவ்விலைகளே பருந்தின் கண்ணிலிருந்து அதைக் காப்பவை.

இரவில் பச்சோந்தியைக் காண்பது பகலைவிட எளிது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். உறங்கும்போது அதன் உடல் வெளிறிவிடுகிறது. மெல்லிய கிளையின் நுனியில் வால் சுருட்டி உறங்கும் அதன்மேல் டார்ச்சு விளக்கின் ஒளி பட்டால் வெண்மையாகப் பளிச்சிடும். கிளை நுனியில் உறங்குவதற்கும் காரணம் உண்டு: பாம்பு ஏறினால் கிளை அசைந்து உறக்கத்தைக் கலைத்துவிடும். கணக்கெடுப்புக்கு இரவு நேரம் மிக உகந்தது. ஒரு சாலையோரத்தில் குறித்த தூரத்தைக் குறித்த வேகத்தில் நடந்து, கண்டவற்றின் எண்ணிக்கை, செடியின் பெயர், தரையிலிருந்து உயரம், தேதி, மழையின் நிலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவந்தால், சில ஆண்டுகளில் அது மதிப்புள்ள ஆவணமாகும். ஆனால் உறங்கும் பிராணியின்மேல் பிளாஷ் விளக்கைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சலாகாது. எண்ணிக்கைக்குப் படம் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு படம் போதும். இதே எளிமை திருடனுக்கும் உதவும் என்பதை மறக்கலாகாது.

அதனால் மற்றோர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. இக்காலக் கைபேசிகள் எடுக்கும் படத்தினுள்ளேயே, எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடுவதுண்டு. படத்தை நண்பருக்கு அனுப்பினால் அவ்விடத்தின் விலாசத்தையும் சேர்த்து அனுப்பியதாகலாம். படத்தைப் பலருக்குக் காட்டுமுன் இவ்விருப்பிடக் குறிப்பை நீக்கிவிட வேண்டும். பொதுமக்களுக்கு மாவட்டத்தின் பெயர் போதும். சரியான இடம் அலுவலகப் பதிவேட்டில் இருக்கட்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுப் பதிவுத் தளங்களிலும் இடத்தை மறைத்துப் பதியும் வசதி உண்டு.

பள்ளியில்

முன்னாளில் உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விலங்கியல் அறையில் பார்மலின் குடுவை ஒன்றில் பச்சோந்தி மிதப்பது சாதாரணக் காட்சி. பல்கலைக்கழக மானியக் குழு 2011-ஆம் ஆண்டில், பிராணிகளை அறுத்துக் கற்பிக்கும் முறையைப் படிப்படியாகக் குறைக்குமாறு வழிகாட்டியது. குடுவையில் வெளிறிக் கிடக்கும் உடல் கற்பிக்காத பலவற்றைப் படங்கள் கற்பிக்கும். காலை ஏழு மணிக்குக் கறுத்திருந்த பச்சோந்தியையும், அதே பச்சோந்தியை அதே கிளையில் பதினொரு மணிக்கும் எடுத்த இரு படங்களைச் சுவரில் ஒட்டினால், வெப்பமும் நிறமும் பற்றிய பாடம் பாதி முடிந்தது. மூன்றாவதாக ஓணானின் படத்தை ஒட்டி, மூன்றிலும் கால்விரல்களை எண்ணச் சொல்லலாம். வாய் பிளந்த பச்சோந்தியின் விளம்பரப் படம் ஒன்று கிடைத்தால் அதையும் ஒட்டி, இதை எடுத்தவர் எங்கே நின்றார், பச்சோந்தி ஏன் இந்நிறத்தில் இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் தாமே விடை காண்பர். பச்சோந்தியைப் பிடித்து வகுப்புக்குக் கொண்டுவரும் ஆர்வமுள்ள சிறுவன் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பான். அவனைத் தண்டிப்பதைவிட அவன் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, பிடித்த இடத்துக்கே அவனோடு சென்று, அதே புதரில் விடச்செய்து, தினமும் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்து எழுதச் சொல்வது நல்ல பலனைத் தரும்.

மழைக்காலத்தை ஒட்டிச் சாலையில் பருத்த வயிற்றோடு ஊர்ந்துவரும் பச்சோந்தியைக் கண்டால் வண்டியை நிறுத்தி, பின்வரும் வண்டிகளுக்குக் கையசைத்து, ஒரு குச்சியை அதன் முன்காலின் எதிரே நீட்ட வேண்டும். அது தானே ஏறிப் பற்றிக்கொள்ளும். எத்திசை நோக்கிச் சென்றதோ அத்திசையிலேயே சாலையோரப் புதரடியில் இறக்கிவிட வேண்டும். வந்த பக்கத்தில் விட்டால் மீண்டும் சாலையைக் கடக்க முற்படும். படம் எடுப்பதானால் அது கீழே இறங்கியபின் ஒரே படம், எட்டி நின்று எடுக்கலாம். சாலை மைல்கல்லின் எண்ணும் நேரமும் பதிவேட்டில் ஏறட்டும். ஒரே இடத்தில் இத்தகைய பதிவுகள் பல சேர்ந்தால், அங்கே வேகத்தடையோ எச்சரிக்கைப் பலகையோ வேண்டும் என்று சாலைத் துறைக்கு எழுத அவை ஆதாரமாகும்.

பெண் பச்சோந்தி மண்ணைத் தோண்டி முட்டைகளை இட்டு, குழியை மூடிவிட்டு மரத்துக்குத் திரும்பிவிடும். அதன்பின் அவ்விடத்துக்கு வருவதில்லை. முட்டைகள் பல மாதங்கள் மண்ணுக்குள் கிடக்கும். அக்காலம் முழுவதும் அவ்வோரத்தை மண்வெட்டியும் மண் அள்ளும் லாரியும் தீண்டாதிருக்க வேண்டும். குழியின் நான்கு புறமும் நான்கு கற்களை வைத்து, வேலையாட்களிடம் சொல்லிவைத்தால் அதற்கு வழி ஏற்படும். குஞ்சுகள் தாமே மண்ணைத் துளைத்து வெளியே வந்து, அருகில் எந்தச் செடி நிற்கிறதோ அதில் ஏறிவிடுகின்றன.